கடைமடையில் நிற்கும் சர்வரை ஆள் போகாமல் ஓடவைப்பது எப்படி?

திருத்துறைப்பூண்டியை அடுத்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் கணினிப் பணிகளைக் கவனித்துவரும் நண்பர் இவ்வாறு கேட்டிருந்தார்: வாய்க்கால் நீர்மட்டம், நிலத்தடி நீரின் உப்புத்தன்மை, மழையளவு ஆகியவற்றைப் பதிவுசெய்ய ஐந்து இடங்களில் சிறிய லினக்ஸ் சர்வர்களை வைத்திருக்கிறோம், மூன்று மோட்டார் கொட்டகையிலும் இரண்டு கிடங்கிலும் இருக்கின்றன, மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு போய் அணைத்துப் போட வேண்டியிருக்கிறது, ஆறு மாதம் யாரும் தொடாமல் அவற்றை ஓடவைக்க முடியுமா? முடியும். தஞ்சாவூருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில், நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் சிதறிக் கிடக்கும் இத்தகைய சர்வர்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவருகிறேன். எனக்குப் பலன் தந்தவற்றையும், பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் ஏரிகளில் மதகும் உண்டு, கலிங்கும் உண்டு. மதகைத் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டும். கலிங்குக்கு யாரும் வேண்டாம். நீர் குறித்த மட்டத்தைத் தாண்டியதும் நள்ளிரவானாலும் தானே வழிந்துபோய்க் கரையைக் காக்கும். ஆளில்லாத சர்வரில் நாம் செய்யும் ஒவ்வோர் ஏற்பாடும் கலிங்கைப் போல இருக்க வேண்டும். ஒரு பழுதைப் பற்றி யோசிக்கும்போது, அது நேர்ந்தால் யார் போவது என்பதற்கு முன்பாக, அது நேர்ந்தால் இயந்திரம் தானாக எந்த நிலைக்குத் திரும்பும் என்று கேட்டுப் பழகுங்கள். நம் பகுதியில் அந்தப் பழுதுகளில் முதலிடம் மின்தடைக்குத்தான். எந்த விநாடியிலும் மின்சாரம் அறுபடும் என்பதை அன்றாட நிகழ்வாகவே வைத்துக்கொண்டு சர்வரை அமைத்துவிட்டால், மற்றப் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதே மருந்து கேட்கும். ஏனென்றால் எது சிக்கிக்கொண்டாலும் மின்சாரத்தை ஒரு முறை துண்டித்து இணைப்பதே போதுமானதாகிவிடும்.

நான் இதை உணர்ந்தது தலைஞாயிறு பக்கத்தில் ஒரு கொட்டகையில். ஒரு மார்கழி மழையில் மின்சாரம் போய்வந்த பிறகு அங்கிருந்த சர்வர் எழவில்லை. மானிட்டரைப் பாலிதீன் தாளில் சுற்றி வண்டியின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு போனேன். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி நின்றது: தொடர எஃப்1 விசையை அழுத்தவும். காரணம், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்னும் நாணய அளவிலான பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதனால் கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்து, மின்சாரம் திரும்பினால் தானாக எழ வேண்டும் என்ற கட்டளையையும் இழந்து, பிழை கண்டால் மனிதனுக்காகக் காத்திருக்கும் பழைய வழக்கத்துக்குப் போயிருந்தது. சில பத்து ரூபாய் பெறும் ஒரு பேட்டரிக்காக ஒரு முழு நாள் போயிற்று. அன்றிலிருந்து எந்தச் சர்வரைக் கடைமடைக்கு அனுப்பினாலும் புதிய பேட்டரியைப் போட்டே அனுப்புகிறேன். பயாஸில் மூன்று அமைப்புகளைச் சரிபார்க்கிறேன்: மின்சாரம் வந்ததும் எப்போதும் இயங்க வேண்டும், எந்தப் பிழைக்காகவும் நிற்கக் கூடாது, கீபோர்டு இல்லாவிட்டாலும் குறை சொல்லக் கூடாது.

அடுத்து யூபிஎஸ். மின்தடை என்றதும் எல்லாரும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், நீங்களும் வாங்கியிருப்பீர்கள். கவனமில்லாமல் பொருத்தினால் இதுவே பழுதுக்குக் காரணமாகும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றியுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது, கொட்டகையில் மின்னழுத்தம் 160 வோல்ட் வரை இறங்குவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் சாதாரண அடாப்டருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் மலிவான யூபிஎஸ் பலவும் அந்த அழுத்தத்தை மின்தடையாகவே எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். மணிக்கணக்கில் அப்படியே இருந்து பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிட்டு, மின்சாரம் இருக்கும்போதே சர்வரை அணைத்துவிடும். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் ஈய அமில பேட்டரி நீண்ட நாள் உழைப்பதும் இல்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொன்னதும் சர்வர் ஒழுங்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பீர்கள். அது அணைந்து முடிந்த பிறகு, ஆனால் யூபிஎஸ்ஸின் பேட்டரி முற்றிலும் தீர்வதற்கு முன்பு, மின்சாரம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். யூபிஎஸ்ஸின் வெளியீடு ஒரு கணமும் அறுபடவில்லை. ஆகவே சர்வரின் கண்ணுக்கு மின்சாரம் போகவும் இல்லை, வரவும் இல்லை. மின்சாரம் வந்ததும் எழு என்ற பயாஸ் கட்டளைக்கு வேலையே வராது. யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை அது அணைந்தே கிடக்கும். இதற்காகத்தான் யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் (NUT) போன்ற மென்பொருள்கள், அணைக்கும் வேலையின் கடைசிப் படியில் யூபிஎஸ்ஸுக்கே உன் வெளியீட்டைச் சிறிது நேரம் துண்டித்துவிட்டுப் பிறகு கொடு என்று கட்டளை அனுப்புகின்றன. உங்கள் யூபிஎஸ் அந்தக் கட்டளையை ஏற்கிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். ஏற்காது என்றால் ஒழுங்காக அணைக்கும் ஏற்பாடே வேண்டாம், மின்சாரம் தீரும்வரை ஓடி அப்படியே விழட்டும். என்னைக் கேட்டால், சிறிய சர்வர்களுக்கு யூபிஎஸ்ஸையே விட்டுவிட்டு, 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை அதற்குரிய சார்ஜருடன் வைத்து, அதிலிருந்தே சர்வருக்கும் ரூட்டருக்கும் நேராக மின்சாரம் கொடுப்பதே நல்லது. இடையில் மாற்றி மாற்றி வீணாகும் மின்சாரமும் மிச்சம். வேண்டுமானால் பின்னர் ஒரு சூரியத் தகட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எப்படியும் ஒரு நாள் சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போகும். மலிவான மெமரி கார்டுகள் அந்தக் கணத்தில்தான் கெடுகின்றன. இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் திறந்து, அதன் மேல் நிகழும் மாற்றங்கள் நினைவகத்தில் மட்டும் தங்கும்படி ஓவர்லே முறையில் அமைத்துவிடுங்கள். அளவீடுகள் மட்டும் தனிப் பார்ட்டிஷனில், இயன்றால் தனி எஸ்எஸ்டியில் எழுதப்படட்டும். அப்போது எத்தனை முறை விழுந்தாலும் இயங்குதளம் நீங்கள் அனுப்பிய நாளில் இருந்தபடியே எழும். அந்தத் தரவுப் பார்ட்டிஷனை, எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் குறிக்கும்போது நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், அந்த ஒரு வட்டு கிடைக்கவில்லை என்பதற்காக, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய், ரூட் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். அந்த நிலையில் வலைத் தொடர்பும் இருக்காது. கோப்பு முறைமைச் சோதனையில் பிழை வந்தால் கேள்வி கேட்காமல் திருத்து என்று, இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தொடங்கும் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பழைய உபுண்டு பதிப்புகளில் ஒரு முறை தொடக்கம் தோல்வியடைந்தால், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் க்ரப் தன் பட்டியலைக் காட்டிக்கொண்டே நிற்கும். அதற்கும் சில விநாடி வரம்பு வையுங்கள்.

கெர்னல் நிலைகுலைந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு இயல்பாக 0 என்று இருக்கும். அதன் பொருள், என்றென்றும் அப்படியே நில் என்பது. மேசையில் இருக்கும் கணினியில் திரையைப் படிக்க அது உதவும், கொட்டகையில் உதவாது. அதை 10 என்று மாற்றினால் 10 விநாடியில் தானாக மறுதொடக்கம் ஆகும். கெர்னலே அசையாமல் உறைந்துபோகும் நேரத்துக்காக வன்பொருளில் வாட்ச்டாக் என்ற கடிகாரம் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் மென்பொருள் அதைத் தட்டாவிட்டால் அது சர்வரை மீட்டமைத்துவிடும். ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினியில் இந்த நேரம் சுமார் 15 விநாடிக்கு மேல் போகாது. சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் இதை இயக்கிவிடலாம்.

வாட்ச்டாக் ஓடுகிறது என்பதாலேயே வேலை நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சிஸ்டம்டி உயிரோடு இருந்து கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, உங்கள் அளவீட்டு நிரல் மட்டும் மூன்று நாளுக்கு முன் இறந்து கிடக்கலாம். நிரல் விழுந்தால் எப்போதும் மீண்டும் தொடங்கு என்று எழுதியிருப்பீர்கள். ஆனால் இயல்பான வரம்பின்படி, 10 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க நேர்ந்தால் சிஸ்டம்டி அந்த நிரலைத் தோல்வி என்று குறித்துவிட்டு அதன் பிறகு தொடவே தொடாது. சென்சாரின் கம்பி ஒரு நிமிடம் தளர்ந்தால் போதும், நிரல் ஐந்து முறை விழுந்து நிரந்தரமாக நின்றுவிடும். அந்த வரம்பை 0 ஆக்கி, ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் இடையில் 30 விநாடி இடைவெளி கொடுங்கள். அதற்கும் மேலாக, கடைசியாகப் பதிவான அளவீடு எத்தனை நிமிடம் பழையது என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்று தேவை. ஒரு மணி நேரமாகப் புதிய அளவீடு இல்லை என்றால் சேவையை மறுதொடக்கம் செய்யட்டும். மூன்று மணி நேரமாக இல்லை என்றால் சர்வரையே செய்யட்டும். அதற்குப் பிறகும் இல்லை என்றால் நாளுக்கு ஒரு முறைக்கு மேல் முயலக் கூடாது.

கடைசியாகச் சொன்ன வரம்பு மிக முக்கியமானது. தானாக மறுதொடக்கம் செய்யும் இயந்திரம் தானாக முடிவில்லாத சுழலிலும் விழும். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி மூன்று வாரத்துக்குள் இப்படித்தான் சிக்கியது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் மிகுந்துபோனதால், ஒவ்வொரு முறை எழும்போதும் அவற்றைத் திறக்க முயன்று விழுந்து, மீண்டும் எழுந்து, அறுபது முறைக்கும் மேல் மறுதொடக்கம் ஆனது. இரவில் உறங்காமல் பேட்டரியையும் கரைத்துக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமலே எழும் ஒரு வழியை அதை வடிவமைத்தவர்கள் முன்பே வைத்திருந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது. நம் சர்வருக்கும் இரண்டும் பொருந்தும். வட்டு நிறைந்தால் பழைய லாக் கோப்புகள் தானாக அழியும்படி அளவு வரம்பு வையுங்கள். தொடர்ந்து நான்கு முறை சரியாக எழவில்லை என்றால் அளவீட்டு நிரலைத் தொடங்காமல், வலைத் தொடர்பையும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சையும் மட்டும் தொடங்கிக் காத்திருக்கும் ஒரு நிலையும் இருக்கட்டும். அந்த நிலையில் இருந்தால் வீட்டிலிருந்தே உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்.

இனி வலைத் தொடர்பு. கொட்டகைக்குக் கம்பி வழி இணைப்பு வரப்போவதில்லை, 4ஜி சிம்தான். மொபைல் நிறுவனங்கள் பொதுவாகத் தனி ஐபி முகவரி தருவதில்லை என்பதால் வெளியிலிருந்து சர்வரை அழைக்க இயலாது. சர்வர்தான் வெளியே வர வேண்டும். வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வருக்கு வயர்கார்டு என்னும் விபிஎன் மென்பொருள் வழியே ஒரு சுரங்கப் பாதையை எப்போதும் திறந்து வைத்து, 25 விநாடிக்கு ஒரு முறை சிறு பொட்டலம் அனுப்பி அதை உயிரோடு வைத்திருப்பது எளிய வழி. சிம்மைச் செருகும் யூஎஸ்பி டாங்கிள்கள் சில நாளில் சிக்னல் விளக்கு எரிந்துகொண்டே செத்துக் கிடக்கும். மென்பொருளால் எவ்வளவு தட்டினாலும் எழாது. அதன் மின்சாரத்தை ஒரு ரிலே வழியாகக் கொடுத்து, 20 நிமிடம் இணையம் இல்லாவிட்டால் ரிலே துண்டித்து இணைக்கும்படி செய்தபின் என் பயணங்களில் பாதி குறைந்துவிட்டது. இரண்டாவது சிம் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் எழுதிவையுங்கள். சொல்ல வெட்கப்படும் அளவுக்கு எளிய காரணம்தான், ஆனாலும் சர்வர்கள் இதனால்தான் அடிக்கடி மறைகின்றன.

வயர்கார்டில் என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். மன்னார்குடிக்குத் தெற்கே இருந்த ஒரு ராஸ்பெர்ரி பை, மின்தடையில் அணைந்து எழுந்தால் மட்டும் சுரங்கத்தில் சேர மறுத்தது. போய்ப் பார்த்தால் அளவீடுகள் சரியாகப் பதிவாகியிருந்தன, இணையமும் இருந்தது, தேதி மட்டும் பின்தங்கியிருந்தது. அந்த மாடலில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சிப் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எழும். வயர்கார்டோ, பழைய செய்தியை யாராவது திரும்ப அனுப்பி ஏமாற்றாமல் இருப்பதற்காக, இதற்கு முன் வந்ததைவிடப் பிந்தைய நேரம் பொறித்த தொடக்கச் செய்தியை மட்டுமே ஏற்கும். முந்தைய நேரம் பொறித்து வருவதைப் பதில் கூறாமல் கைவிடும். நேரத்தை இணையத்திலிருந்து திருத்திக்கொண்டால் தீர்ந்துவிடும், ஆனால் எல்லாப் போக்குவரத்தும் சுரங்கத்தின் வழியாகவே போக வேண்டும் என்று நானே அமைத்திருந்தேன். நேரம் சரியானால்தான் சுரங்கம் திறக்கும், சுரங்கம் திறந்தால்தான் நேரம் சரியாகும். நேரச் சேவையைச் சுரங்கத்துக்கு வெளியே விட்டதும், டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பை ஒவ்வொரு ராஸ்பெர்ரி பையிலும் பொருத்தியதும் இதற்கு முடிவு கட்டின. இதோடு, வயர்கார்டு மறுமுனையின் பெயரைத் தொடங்கும்போது ஒரு முறைதான் முகவரியாக மாற்றிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் வாடகைச் சர்வரின் முகவரி மாறினால் அதை மீண்டும் கேட்டறிய ஒரு சிறு நிரல் வேண்டும்.

பழுதுகளில் கணிசமானவற்றைத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு நாமே உண்டாக்குகிறோம். ஃபயர்வாலில் ஒரு வரியை மாற்றுவோம், என்டர் தட்டுவோம், திரை உறைந்துவிடும். ஆகவே தொடர்பைப் பாதிக்கக் கூடிய எந்த மாற்றத்துக்கும் முன்னால், பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பு என்ற கட்டளையை முதலில் போட்டுவிட்டு, மாற்றத்தைச் செய்து, புதிதாக இன்னொரு முறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகே அந்தக் கட்டளையை நீக்க வேண்டும். 2023 ஜூலை 21 அன்று வாயேஜர் 2 விண்கலத்துக்கு அனுப்பிய ஒரு கட்டளை அதன் ஆன்டெனாவைப் பூமியிலிருந்து 2 டிகிரி விலக்கிவிட்டது. ஏறத்தாழ 2,000 கோடி கிலோமீட்டர் தொலைவில் தொடர்பு அறுந்தது. ஆனால் ஆண்டுக்குச் சில முறை தானாகத் திசையைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் முன்பே இருந்தது. அடுத்த முறை அக்டோபர் 15 என்று குறிக்கப்பட்டிருந்தது. கான்பெராவிலிருந்து உரக்க அனுப்பிய கட்டளையே அதைத் திருப்பிவிட்டு, ஆகஸ்ட் 4 அன்று தொடர்பு மீண்டதால் அதுவரை காத்திருக்க நேரவில்லை. நம் சர்வருக்கு அக்டோபர் 15 என்பது பத்து நிமிடம்தான். அதைப் போடாமல் ஒரு வரியையும் மாற்றாதீர்கள்.

இயங்குதளத்தைப் புதுப்பிப்பதில் என் வழி எளிது: இரண்டு பார்ட்டிஷன்கள், ஒன்றில் ஓடும்போது மற்றொன்றில் புதியதை எழுதி, அதிலிருந்து ஒரு முறை மட்டும் எழுந்து பார்த்து, சுரங்கம் சேர்ந்து அளவீடும் வந்தால் உறுதிசெய்வது, இல்லையென்றால் பழையதற்கே திரும்புவது. ராக், மெண்டர் போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன. ஐந்தையும் ஒரே நாளில் புதுப்பிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பதை முதலில் செய்து ஒரு வாரம் பாருங்கள்.

பழுதை எப்படி அறிவது? சர்வரே உங்களுக்குச் செய்தி அனுப்பும் என்று நம்பினால், செத்த சர்வர் எதையும் அனுப்பாது. ஒவ்வொரு சர்வரும் 10 நிமிடத்துக்கு ஒரு முறை நான் இருக்கிறேன் என்று வாடகைச் சர்வரிடம் சொல்லட்டும். இரண்டு மணி நேரம் சொல்லாமல் இருந்தால் மட்டும் வாடகைச் சர்வர் உங்கள் போனை ஒலிக்கச் செய்யட்டும். அதற்குள் ஓடினால் தானாகச் சரியாகியிருக்கக் கூடியவற்றுக்கு வீணாக அலைவோம். தொடர்பு இல்லாத நாளில் அளவீடுகள் சர்வரிலேயே சேர்ந்து, தொடர்பு வந்ததும் வரிசையாகப் போக வேண்டும். எத்தனை நாளுக்கு இடம் வைக்கலாம் என்று கேட்டால், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை நினைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, டவர்களும் இல்லை. நான் ஓராண்டுக்கு இடம் வைக்கிறேன். எண்களாகச் சேமித்தால் அது ஒன்றும் பெரிய அளவில்லை.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்று ஒரே ஆண்டில் யூஎஸ்பி முனைகளைப் பச்சையாக்கிவிடும். விசிறி இல்லாத சர்வரை மூடிய பெட்டியில் வைத்து, கம்பிகள் நுழையும் துளைகளை ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். எறும்புகள் ரிலேக்குள் முட்டையிடும், பல்லி மின்பலகையில் ஒட்டிக்கொண்டு சாகும். துளையில்லாத பெட்டியே இரண்டுக்கும் தீர்வு. வெளியில் இருக்கும் சென்சார் கம்பத்திலிருந்து நீண்ட செம்புக் கம்பி வருமானால் ஐப்பசி இடி அதன் வழியாகவே உள்ளே வரும். அங்கே ஒளியிழையையோ வயர்லெஸ்ஸையோ பயன்படுத்துங்கள், நல்ல எர்த்தும் போடுங்கள். கொட்டகைச் சாவி வைத்திருப்பவரிடம் முறையாகச் சொல்லி, பெட்டிக்கு வெளியே ஒரே ஒரு சுவிட்சை மட்டும் வைத்து, போனில் கேட்டால் அணைத்துப் பத்து எண்ணிவிட்டுப் போடச் சொல்லிவையுங்கள். மேலே சொன்னவற்றைச் செய்திருந்தால் அவரை ஆண்டுக்கு ஒரு முறை அழைக்க நேர்ந்தால் அதிகம்.

இவை எல்லாவற்றையும் அமைத்த பிறகு சர்வரை உடனே கொண்டுபோகாதீர்கள். வீட்டு மேசையில் இரண்டு வாரம் ஓடவிட்டு, மின்சாரத்தைப் பிடுங்குங்கள்: ஓடும்போது, எழும்போது பாதியில், கோப்பு எழுதும்போது, புதுப்பிப்பின் நடுவில். டாங்கிளைப் பிடுங்குங்கள், தரவு வட்டைக் கழற்றுங்கள், தேதியை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளுங்கள், வட்டை நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் விசைப்பலகையைத் தொடாமல் காத்திருங்கள். நான் ஐம்பது முறை பிடுங்குவது வழக்கம். நாற்பது முறை ஒழுங்காக எழுந்துவிட்டு நாற்பத்தோராவது முறை எழாமல் நின்ற சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றால் காரணத்தைக் கண்டு திருத்தி, எண்ணிக்கையை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.